சின்னப் பிள்ளைகளோடு போக வாடகைக் கார்: காசுக்குத் தகுமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நிதானமாக விளக்குகிறேன். கைக்குழந்தையும், வண்டியில் ஏறினால் வாந்தி எடுக்கிற பிள்ளையும் வைத்திருப்பவர்களுக்கு உள்ளூர் ட்ராவல்ஸ் வண்டிக்குக் கொடுக்கிற காசு தகும். ஆனால் வண்டி புதுசா பழசா என்று விசாரிப்பதற்கு முன்னால் ஓட்டப்போகிறவர் யார் என்று கேளுங்கள். நான் சொல்லப்போவது திருவாரூரில் மூன்று நான்கு வண்டி வைத்து ஓட்டுகிற ஒரு சின்ன ட்ராவல்ஸைப் பற்றி. பெயர் எழுதவில்லை. குறையும் சொல்லத்தான் போகிறேன், ஒருத்தர் பிழைப்பில் அது எதற்கு. தவிர டெல்டாவில் ஊருக்கு நாலு ட்ராவல்ஸ் இதே மாதிரிதான் இருக்கிறது, இதை வைத்து உங்கள் ஊரில் இருப்பதையும் எடை போட்டுக்கொள்ளலாம்.

வீட்டு நிலவரம் இது. அவர் சிங்கப்பூரில். இங்கே நானும் அத்தையும், ஐந்து வயதுப் பெண்ணும், ஒரு வயது நிறையப்போகிற பையனும். பையனுக்குத் தை மாதத்தில் வைத்தீஸ்வரன்கோயிலில் முதல் மொட்டை, அவருக்கு லீவு கிடைக்கவில்லை, தள்ளிப்போட அத்தைக்கு மனசில்லை. எனக்கோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியூர் என்றாலே நாலு நாள் முன்னாலேயே வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும். பெரியவள் வாந்தி எடுத்தால் எங்கே நிறுத்துவது, சின்னவன் பாலுக்கு அழுதால் எங்கே உட்கார்ந்து கொடுப்பது, பாத்ரூம் எங்கே இருக்கும், கூட்டத்தில் கை விட்டுப்போனால் என்ன செய்வது, நாலு பேர் திரும்பிப் பார்த்து "பிள்ளைய அழ விடுறா பாரு" என்று சொல்வார்களோ என்று ராத்திரி முழுக்க மனசு ஓடிக்கொண்டே இருக்கும், விடிந்தால் கிளம்பத் தெம்பு இருக்காது. சிநேகிதிகளிடம் பேசினால் அவர்களுக்கும் இதே கதைதான். யாரும் வெளியே சொல்வதில்லை, "பிள்ளைக்கு ஒத்துக்காது" என்று பழியைப் பிள்ளை மேல் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறோம்.

ரயில் எனக்குப் பிடிக்கும். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது, பிள்ளை எழுந்து நடக்கலாம், பாத்ரூம் பெட்டியிலேயே இருக்கிறது, குலுக்கலும் குறைவு. மயிலாடுதுறையில் மாறினால் வைத்தீஸ்வரன்கோயில் ஸ்டேஷனிலேயே போய் இறங்கலாம். ஆனால் மாறுகிற இடத்தில் காத்திருக்க வேண்டும், கோயிலோ மத்தியானம் நடை சாத்திவிடும். பஸ் என்றால், "கொஞ்சம் நிறுத்துங்க" என்று கண்டக்டரிடம் கேட்க எனக்கு வாய் வராது. பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார்கள் பாலூட்டும் அறை என்று 2015-இல் அரசு திறந்தது நல்ல காரியம்தான், ஆனால் ஒரு ஊரில் நான் போன நேரம் அந்த அறை பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று தேடுவதற்குள் பையன் அழுது அழுது தூங்கியே போய்விட்டான். யோசித்துப் பார்த்தால் என் பயத்தில் பாதிக்கு மேல் இந்த ஒன்றுதான்: நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. வாடகைக் காரில் ஏசிக்கும் சீட்டுக்கும் காசு கொடுப்பதாக எனக்குத் தோன்றவில்லை, நிறுத்தச் சொல்கிற உரிமைக்குத்தான் கொடுக்கிறோம்.

போன் செய்ததும் ஓனர் எடுத்தார். ஏழு பேர் உட்காரும் வண்டி, கிலோமீட்டருக்கு 18 ரூபாய், நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா தனி, டோல், பார்க்கிங் தனி. இதெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தார். பின் சீட்டில் பெல்ட் வேலை செய்யுமா என்று கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "பின்னாடியா? இருக்கும்மா, பாக்கணும்" என்றார். பரவாயில்லை, தெரியாததைத் தெரியும் என்று சொல்லாமல் இருந்தாரே.

எனக்கு இந்த ட்ராவல்ஸ் மேல் நம்பிக்கை வந்தது முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு. டிரைவர் அண்ணன் தானாகவே போன் செய்தார். வழக்கமாகக் கேட்கிற "எத்தனை மணிக்கும்மா வரணும்" இல்லை. "சின்னது எத்தனை மணிக்கு எழுந்திரிக்கும்? எழுந்ததும் பால் குடிக்குமா? பெரியது வண்டில வாந்தி எடுக்குமா?" என்று கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அஞ்சே காலுக்குக் கிளம்பிடுவோம்மா, சின்னது தூக்கத்துலேயே மாயவரம் தாண்டிடும், நடை சாத்துறதுக்குள்ள மொட்டையும் முடிஞ்சிரும்" என்றார். ராத்திரியெல்லாம் நான் மனசுக்குள் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்த கணக்கை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அன்றைக்கு நான் தூங்கினேன்.

காலையில் வண்டி சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் தாமதம், அதை மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது அந்த வாசனை. டேஷ்போர்டில் மஞ்சள் கலரில் ஒரு சென்ட் பாட்டில், அதன் மேலே மல்லிகைச் சரம், போதாக்குறைக்கு ஊதுபத்தி. வாந்தி வருகிற பிள்ளைக்கு இதை விடக் கெடுதல் வேறு கிடையாது. சொன்னதும் அவர் முகம் சுளிக்கவில்லை, பாட்டிலைக் கழற்றி டிக்கியில் போட்டார், பூச்சரத்தைப் பிள்ளையார் படத்துக்கு நகர்த்தினார், நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டார். ஊதுபத்தியை மட்டும் அணைக்கவில்லை, அது எரிந்து முடிகிற வரை எல்லோரும் வெளியே நின்றோம்.

அடுத்தது பெல்ட். மஞ்சள் போர்டு வண்டிகளில் பின் சீட்டுக்கு ரெக்ஸின் கவர் போட்டு இறுக்கித் தைத்துவிடுகிறார்கள், பெல்ட் மாட்டுகிற கொக்கி கவருக்கு அடியில் போய்ச் சொருகிக்கொள்கிறது, அது அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. டார்ச் அடித்து, கவர் ஓரத்தைத் தூக்கி, விரலை விட்டு இழுத்தார். கொக்கியோடு பிஸ்கட் தூள், ஒரு ஹேர்பின், பழைய பஸ் டிக்கெட் எல்லாம் வந்தது. வேலை செய்தது. நாத்தனார் கொடுத்த குழந்தை சீட்டை அதில்தான் இறுக்கிக் கட்டினோம், பையன் முகம் பின்பக்கம் பார்க்கிற மாதிரி. குறைந்தது பதினைந்து மாசம் வரைக்கும் அப்படித்தான் வைக்க வேண்டும், பிரேக் அடித்தால் தலையும் கழுத்தும் சீட்டோடு சேர்ந்தே தாங்கப்படும். அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "பச்சப் புள்ளைய இப்படிக் கட்டிப் போடுவியா, என் மடியில குடு" என்று கையை நீட்டினார். நான் சொன்னால் மருமகள் பேச்சு ஆகிவிடும் என்று பேசாமல் இருந்தேன். டிரைவர் அண்ணன்தான் சொன்னார்: "அம்மா, நான் திடீர்னு பிரேக் போட்டா உங்க மூக்குக் கண்ணாடியே கழண்டு விழுந்துரும், புள்ளைய எப்படிப் புடிப்பீங்க? அதுவும் இல்லாம பதினாலு வயசுக்குக் கீழ புள்ளைங்கள பெல்ட் இல்லாம ஏத்துனா ஆயிரம் ரூபா ஃபைன்." அத்தை கண்ணாடியைச் சரி செய்துகொண்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். அந்த ஃபைன் நிஜம்தான், 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 194பி என்று சேர்த்தது. பின் கதவு ஓரத்தில் இருக்கிற சைல்டு லாக்கையும் சாவி முனையால் தள்ளிவிட்டுத்தான் கதவைச் சாத்தினார், நான் கேட்கவே இல்லை.

பெரியவளுக்குத்தான் சிக்கல். பெல்ட் அவள் கழுத்தில் போய் உட்கார்ந்தது. அந்த வயதுக்கு பூஸ்டர் சீட் வேண்டும், ஐரோப்பாவிலெல்லாம் குறைந்தது 135 செ.மீ. உயரம் வருகிற வரைக்கும் கட்டாயம். இந்த ட்ராவல்ஸில் இல்லை, அதற்கப்புறம் நான் விசாரித்த வேறு எந்த ட்ராவல்ஸிலும் இல்லை. போர்வையை மடித்துப் போட்டு உட்கார வைக்கலாமே என்று அத்தை சொன்னார். அது வேண்டாம், பிரேக் அடித்தால் போர்வையோடு பிள்ளை வழுக்கிக் கீழே போய்விடும். திரும்பி வந்து நாங்களே ஒன்று வாங்கினோம். கல்யாண சீசனில் இத்தனை சம்பாதிக்கிற ட்ராவல்ஸ்காரர்கள் ஆளுக்கு ஒரு பூஸ்டர் வாங்கி டிக்கியில் போட்டு வைத்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

வாந்தி விஷயத்துக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்து ரோடு நேராகவே போகாது. ஆற்றங்கரை மேலேயே போகும், வாய்க்கால் வளைந்தால் அதுவும் வளையும், வயலைச் சுற்றிக்கொண்டு ஒரு திருப்பம், பாலம் ஏறி இறங்க ஒரு குலுக்கல், ஊர் தொடங்குகிற இடத்தில் ஸ்பீடு பிரேக்கர், முடிகிற இடத்தில் இன்னொன்று. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு வண்டி ஆடுவதை உணர்கிறது, கண்ணோ முன் சீட்டின் முதுகையோ கையிலிருக்கிற போனையோ பார்த்துக்கொண்டு எதுவும் ஆடவில்லை என்கிறது, இரண்டும் ஒத்துப்போகாமல் போவதுதான் குமட்டல். அதனால்தான் ஓட்டுகிறவருக்கு வருவதில்லை. இரண்டு வயதுக்குக் கீழே இது அபூர்வம், அப்புறம் ஏறிக்கொண்டே போய்ப் பள்ளிக்கூட வயதில்தான் உச்சம். ஆக என் பையன் நிம்மதியாகத் தூங்கினதும் பெண் தவித்ததும் வளர்ப்புக் கோளாறு இல்லை.

டிரைவர் அண்ணனுக்கு இந்தக் காரணமெல்லாம் தெரியுமோ தெரியாதோ, வைத்தியம் தெரிந்திருந்தது. கிளம்பும்போதே போனை வாங்கிப் பையில் போடச் சொன்னார். பெண்ணை முன் கண்ணாடி வழியாக ரோடு தெரிகிற பக்கம் உட்கார வைத்தார். "பாப்பா, பாலம் வந்தா நீதான் எனக்கு முன்னாடியே சொல்லணும், எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றார். திருவாரூரிலிருந்து மயிலாடுதுறை போகிற வரைக்கும் பாலத்துக்கா பஞ்சம்? அவள் முன்னால் பார்த்தபடியே "பாலம்! பாலம்!" என்று கத்திக்கொண்டு வந்தாள். பூந்தோட்டத்துப் பக்கம் அரசலாறு வந்தபோது ஆற்றின் பெயரைச் சொல்லிக்கொடுத்தார், அப்புறம் ஒவ்வொரு பாலத்துக்கும் பெயர் கேட்டு உயிரை எடுத்தாள், தெரியாத வாய்க்காலுக்கெல்லாம் அவராகவே ஒரு பெயர் வைத்தார். கண் தொலைவில் இருந்தது, மனசு பாலத்தில் இருந்தது, வாந்தி வரவில்லை. பேரளம் தாண்டி ஒரு தடவை முகம் வெளுத்தது. நான் "அண்ணே" என்று சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஓரம் கட்டினார், இறங்கிக் காற்று வாங்கினாள், சரியாகிவிட்டது. அத்தை கையில் வைத்திருந்த நாரத்தை இலையைக் கசக்கி மோந்து பார்க்கக் கொடுத்தார். அது வேலை செய்ததா காற்று வேலை செய்ததா என்ற வாதம் வீட்டில் இன்னும் ஓடுகிறது.

மாத்திரை கொடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு: டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். வாந்தி மாத்திரைகளில் ப்ரோமெதசின் இருப்பதை இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. வெறும் வயிறும் நல்லதில்லை, வயிறு முட்டவும் கூடாது. கிளம்புகிற முன் ஒரு இட்லி, பாலை வேண்டாம் என்று நிறுத்தினேன். கைக்கு எட்டுகிற இடத்தில் இரண்டு கவர், ஈரத் துணி, ஒரு மாற்றுச் சட்டை, தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம். இதையெல்லாம் பெரிய பெட்டிக்குள் வைத்து டிக்கியில் போட்டால் எடுத்துப் போயும் பயனில்லை.

கோயிலில் வண்டி நின்றதுமே நாடி ஜோசியம் பார்க்கச் சொல்லி இரண்டு பேர் கதவருகே வந்துவிட்டார்கள். கையில் குழந்தை, தோளில் பை, இன்னொரு கையில் பெண், இந்த நேரத்தில் "பெருவிரல் ரேகை மட்டும் குடுங்கம்மா" என்றால் எப்படி இருக்கும். டிரைவர் அண்ணன் இறங்கி என்ன சொன்னாரோ, போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமையாக இல்லாமல் பார்த்துக்கொண்டதால் கூட்டம் தாங்கக்கூடியதாக இருந்தது, அங்காரகன் தலம் ஆயிற்றே. உள்ளே நுழைவதற்கு முன்னால் பெண்ணின் முழங்கையில் பேனாவால் என் நம்பரை எழுதினேன், அதற்குக் கீழே தன் நம்பரையும் எழுதச் சொன்னார் டிரைவர் அண்ணன். "உங்க போன் பையில கிடக்கும்மா, எடுக்க மாட்டீங்க, என் போன் கையிலேயே இருக்கும்." இது எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளை தொலைந்தால் 1098 என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஆனாலும் பக்கத்தில் ஒருத்தர் நம்பர் இருப்பது தனித் தெம்பு. சித்தாமிர்தக் குளத்தில் அத்தை வெல்லம் போடப் போனபோது பெண்ணைப் படியில் இறங்க விடாமல் நான் கையைப் பிடித்துக்கொண்டேன். மொட்டை போடுகிறவரிடம் பிளேடைப் புதுசாகப் பிரித்துக் காட்டச் சொன்னோம், காட்டினார். பையன் ஊரைக் கூட்டினான். சந்தனம் பூசியதும் தலையைத் தானே தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான், அவ்வளவுதான் அழுகை.

திரும்பும்போது சாப்பாட்டுக்குத் தரங்கம்பாடி போகலாம் என்பதும் அவர் யோசனை. எங்கள் திட்டத்தில் இல்லை. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, பக்கத்திலேயே கடல், வண்டி நிறுத்த இடம், பிள்ளைகள் ஓட வெளி. கொண்டுபோன தயிர்சாதத்தை அங்கே நிழலில் வைத்துச் சாப்பிட்டோம், நான் வண்டிக்குள்ளேயே கண்ணாடிக்குத் துண்டு மாட்டிப் பையனுக்குப் பால் கொடுத்தேன், அண்ணன் தள்ளிப் போய் மரத்தடியில் நின்றுகொண்டார். இந்தச் சின்ன நாகரிகத்துக்கே ஒரு ஸ்டார் கூடக் கொடுக்கலாம். கடலில் இறங்கவில்லை, அலை வேகமாக இருந்தது, பெண்ணுக்குக் கோபம். வரும்போது காரைக்கால் வழியாகப் போகலாமே என்றேன், அது புதுச்சேரி எல்லை, பெர்மிட் எடுக்க வேண்டும் என்று சொல்லி மயிலாடுதுறை வழியாகவே திருப்பினார். அறுவடை நேரம், ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள், கொள்முதல் நிலையத்துக்கு வந்த லாரிகள் வரிசையாக நின்றன. ஹாரன் அடிக்காமல், நெல் மேல் ஏற்றாமல், பொறுமையாக ஒதுங்கி ஒதுங்கி வந்தார். வீடு வந்து சேர முக்கால் மணி நேரம் தாமதம், ஆனால் பின்னால் இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன, எங்களுக்கு என்ன அவசரம்.

இப்போது குறைகள். ஓடியது 250-ஐ எட்டவே இல்லை, ஆனால் 250-க்குத்தான் பில். அது முன்பே சொன்னது, வாதாட முடியாது. ஆனால் கிலோமீட்டரை நம் வீட்டிலிருந்து எடுக்காமல் ஷெட்டிலிருந்து ஷெட் வரை எடுப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை, பில் வந்த பிறகுதான் தெரிந்தது. கோயில், கல்யாணம் என்று பக்கத்து ஊருக்குப் போகிறவர்கள் மணிக் கணக்குப் பேக்கேஜ் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்டால்தான் சொல்கிறார்கள்.

அதை விடப் பெரிய குறை, இன்னொரு தடவை தஞ்சாவூர் போக அதே ட்ராவல்ஸைக் கூப்பிட்டபோது நடந்தது. அந்த அண்ணன் வேறு டூரில் இருந்தார், அனுப்பியது ஒரு தம்பியை. அதே வண்டி, அதே வாடகை. சென்ட் பாட்டில் பழைய இடத்துக்கே வந்திருந்தது. முந்தின நாள் போன் வரவில்லை. ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு காதில் போன், வளைவில் குறைக்காமல் பிடித்து, பாலத்தில் தூக்கிப் போட்டு, நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்ததும் கடுப்பாகி இன்ஜினோடு ஏசியையும் அணைத்துவிட்டார். "கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க தம்பி" என்றால் "இதோ, முன்னாடி நல்ல இடம் வரும்க்கா" என்று போய்க்கொண்டே இருந்தார். நல்ல இடம் வருவதற்குள் கவரைத் தேட வேண்டியதாகிவிட்டது. பெரிய கோயிலில் போய் இறங்கியபோது உச்சி வெயில், கல் தரையில் பிள்ளை கால் வைக்க முடியாமல் துள்ள, நானும் அவளோடு சேர்ந்து அழாத குறை. அந்த நாளைக்கு அப்புறம் பழைய பயம் முழுசாகத் திரும்ப வந்துவிட்டது.

ஓனரிடம் சொன்னேன். "சின்னப் பையம்மா, சொல்லி வைக்கிறேன்" என்றார். சொல்லி வைத்தாரா தெரியாது. ஒன்று புரிந்தது, இங்கே சேவை என்பது அந்த ஒரு மனுஷர்தான். அவருக்கு ஐந்துக்கு ஐந்து, ட்ராவல்ஸுக்கு ஐந்துக்கு மூன்று, அதுவும் பில்லில் ஏமாற்று இல்லாததால்.

நீங்கள் எந்த ஊரில் வண்டி பிடித்தாலும் ஓனரிடம் வாடகை பேசி முடித்ததும் டிரைவர் நம்பரை வாங்கிவிடுங்கள். நீங்களே அவருக்குப் போன் செய்து, பிள்ளை எப்போது தூங்கும், வழியில் நிறுத்த வேண்டியிருக்கும், சென்ட் வேண்டாம், பின் பெல்ட்டை வெளியே எடுத்து வையுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். மறுமுனையில் "சரிம்மா" என்று வருகிற தொனியிலேயே தெரிந்துவிடும். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று வந்தால் வேறு வண்டி பாருங்கள்.

ஆவணியில் தம்பி கல்யாணம், கும்பகோணத்தில். முகூர்த்த சீசனில் வண்டியே கிடைக்காது என்பதால் இப்போதே 500 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அந்த அண்ணன் வராவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று ஓனரை வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன்.